ஆசஃப் கான் தங்கையைக் கைவிட்டது ஏன்?

1627இல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் இறந்ததும் ஆசஃப் கான், பேரரசரின் மனைவியான தம் தங்கை நூர் ஜஹானுக்கு எதிராகத் திரும்பியது உங்களுக்கு முரணாகத் தோன்றுவதாகவும், அதனால் கட்டுரை நகரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு வாய்த்த மருமகன்களைப் பாருங்கள். 1612இல் ஆசஃப் கானின் மகள் மும்தாஜ் ஜஹாங்கீரின் மகன் இளவரசர் குர்ரமை (பின்னாளைய ஷாஜஹான்) மணந்தார். 1621இல் நூர் ஜஹான் தம் முதல் கணவருக்குப் பிறந்த மகளை ஜஹாங்கீரின் இன்னொரு மகனான இளவரசர் ஷஹ்ரியாருக்கு மணமுடித்துவைத்தார். 1622இல் ஆசஃப் கான், நூர் ஜஹான் இருவரின் தந்தை இதிமாதுத்தௌலா இறந்தபோது, அவருடைய உடைமைகளைப் பேரரசர் மகன் ஆசஃப் கானுக்குக் கொடாமல் நூர் ஜஹானுக்கே வழங்கினார் (பலரும் கவனிக்காத இடம் இதுதான்). ஆகவே, தக்காணத்திலிருந்து குர்ரம் வந்து சேரும்வரை ஜஹாங்கீரின் பேரன் தாவர் பக்ஷைப் பெயரளவில் அரியணையில் அமர்த்திவிட்டு, அரியணைக்குப் போட்டியிட்ட ஷஹ்ரியாரை லாகூர் அருகே ஆசஃப் கான் தோற்கடித்தது, தம் மருமகனுக்காக ஒரு மாமனார் செய்த வேலையே.