அசையாததெல்லாம் செத்ததா?

கேள்வி: எனக்கு வயது 33. திருமணமாகி இரண்டு ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. விந்துப் பரிசோதனை அறிக்கையில் ‘அசைவு 24%, இயோசின்-நிக்ரோசின் சாயத்தில் உயிருள்ளவை 71%, இயல்பான வடிவம் 3%’ என்று இருக்கிறது. முக்கால்வாசி அசையவே இல்லை, பிறகு எப்படி 71% உயிருள்ளவை? 97% ஊனமானவை என்றால் பிறக்கும் குழந்தை எப்படி இருக்கும்? மாதிரியை வீட்டிலிருந்து பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்க ஒன்றரை மணி நேரமாகிவிட்டது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: போகிற போக்கில் எழுதிய உங்கள் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்கு வருகிறேன்.

அசையாதவற்றில் எது செத்தது, எது சும்மா கிடக்கிறது என்று பிரிக்கத்தான் அந்தச் சாயம். ஒரு சொட்டு விந்தைச் சாயத்தில் கலந்து ஸ்லைடில் இழுத்துக் காயவைப்பார்கள். உயிருள்ள விந்தணுவின் சவ்வு இயோசினை உள்ளே விடாது. செத்ததன் சவ்வு பழுதாகியிருப்பதால் சாயம் புகுந்து தலை சிவந்துவிடும். நிக்ரோசின் பின்னணியைக் கறுப்பாக்கும், அவ்வளவுதான். அந்தக் கறுப்பின்மேல் சாயமேறாத தலைகள் அரிசிமணி போல வெள்ளையாகத் தெரியும். கழுத்தருகே மட்டும் லேசாகச் சிவந்திருந்தால் அதுவும் உயிருள்ள கணக்கில்தான் சேரும். இப்படி 200 விந்தணுக்களை எண்ண வேண்டும்.

உங்களுக்குச் செத்தவை 29%, அசைபவை 24%; கூட்டினால் 53. (இந்தக் கூட்டல் 100ஐத் தாண்டினால் எண்ணியவர்மீதுதான் சந்தேகப்பட வேண்டும்.) மீதி 47% உயிரோடு இருந்தும் அசையாதவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு தரும் கீழ்வரம்பு உயிருள்ளவற்றுக்கு 54%, அசைவுக்கு 42%. ஆகவே இந்த இரண்டில் உங்கள் குறை அசைவில் மட்டும். விந்து வெளியேறிய ஒரு மணி நேரத்துக்குள் பரிசோதனையைத் தொடங்கிவிட வேண்டும். தாமதமானால் அசைவு குறையும். எனவே இந்த 24ஐ வைத்து நான் எந்த முடிவுக்கும் வர மாட்டேன்.

வடிவத்துக்கு வேறு சாயம். பாப்பனிகோலா முறையில் தலையின் முன்பகுதி வெளிர்நீலமாகவும் பின்பகுதி கருநீலமாகவும் பிரிந்து தெரியும். பல லேப்களில் சில நிமிடங்களில் முடிகிற விரைவுச் சாயம் போடுகிறார்கள். அதில் தலை சற்றுப் பெரிதாகத் தெரியும். இயல்பான வடிவத்துக்குக் கீழ்வரம்பே 4%தான். ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை அளந்து வைத்த எண் அது. விந்தணுவின் வெளித்தோற்றத்தைக் கொண்டு குழந்தையின் உருவத்தைச் சொல்ல முடியாது. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டு, லேபிலேயே மாதிரி கொடுங்கள். எந்தச் சாயத்தில் வடிவம் பார்த்தார்கள் என்பதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். அப்போதும் உயிருள்ளவை நிறைய இருந்து அசைவு மட்டும் குறைந்தால், வால் அமைப்பில் கோளாறா, விந்தணுவையே தாக்கும் எதிர்ப்பொருள் உடலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அசைவே இல்லாவிட்டாலும் உயிருள்ள ஒன்றை நேரடியாக முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி சிகிச்சை இருக்கிறது. சாயத்தில் கலந்ததை அதற்குப் பயன்படுத்த முடியாது என்பதால், நீர்த்த கரைசலில் வால் சுருள்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள்.

உங்கள் மனைவிக்கு என்னென்ன பரிசோதனை செய்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை இருவரும் சேர்ந்தே மருத்துவரைப் பாருங்கள்.