பாய்சன் ஐவி தடிப்பு: வீட்டு வைத்தியம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: நியூ ஜெர்சியில் எங்கள் வேலியோரம் மூன்று மூன்று இலைகளாகப் படர்ந்திருந்த கொடியை நேற்று வெறுங்கையால் பிடுங்கினேன். இன்று முன்கையில் கோடு கோடாகத் தடித்துக் கடுமையாக அரிக்கிறது. இனிக் கழுவிப் பயன் உண்டா?

பதில்: கொடி உரசிய தடத்திலேயே தோல் தடிப்பதால்தான் அந்தக் கோடுகள் விழுகின்றன; இது பெரும்பாலும் பாய்சன் ஐவி என்னும் நச்சுக்கொடிதான். அதன் இலை, தண்டு, வேர் அனைத்திலும் உருஷியால் என்னும் எண்ணெய்ப் பிசின் இருக்கிறது. அது பட்ட 10 நிமிடங்களுக்குள் சோப்புப் போட்டுத் துணியால் தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி நீங்கிவிடும். நேரம் செல்லச் செல்லத் தோலுக்குள் இறங்கிவிடுவதால் பயன் குறைகிறது. தடித்த பிறகு கழுவுவது தடிப்பை ஆற்றாது. ஆனாலும் நகக்கண்களையும், கத்தரியையும், அன்று உடுத்திய துணியையும், உடன் இருந்த நாயின் ரோமத்தையும் கையுறை அணிந்து இன்றே கழுவுங்கள். உலர்ந்துபோன உருஷியாலும் நெடுங்காலம் வீரியத்தோடு இருக்கும். மீண்டும் மீண்டும் தடிப்பு வருவதாக வருந்துவோர் பலருக்கு அதுவே காரணம்.

கேள்வி: இரவில் அரிப்பு தூங்க விடுவதில்லை. வீட்டிலேயே எதைக் கொண்டு தணிக்கலாம்?

பதில்: குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை 15 முதல் 30 நிமிடம் வரை தடிப்பின்மேல் போட்டுவைப்பதையே நான் முதலில் சொல்வேன்; செலவில்லாதது, நாளுக்குப் பலமுறை செய்யலாம். நைசாகப் பொடித்த ஓட்ஸை வெதுவெதுப்பான நீரில் கரைத்து அதில் ஊறுவதும் நல்ல இதம் தரும். கசியும் கொப்புளங்களை உலர்த்தக் கலமைன் என்னும் பூச்சு மருந்து போதும். அது இல்லையெனில் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசலாம். கடைகளில் கிடைக்கும் 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் களிம்பு, தொடக்க நாட்களில் லேசான தடிப்புக்கு உதவும். வெந்நீர் வேண்டாம். இவை யாவும் அரிப்பைத் தணிக்குமே தவிர, தடிப்பு ஆறுவதற்கு ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகத்தான் செய்யும்.

கேள்வி: மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசு, இல்லையேல் தேங்காய் எண்ணெய் தடவு என்று அம்மா சொல்கிறார்.

பதில்: அம்மாவின் அக்கறையை மதித்தே சொல்கிறேன், இதற்கு அவை வேண்டாம். மஞ்சளே சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். உடைந்த கொப்புளத்தின்மேல் அரைத்த விழுதை அப்பினால் சீழ் பிடிக்கவும் வழியுண்டு. கழுவாத தோலில் எண்ணெய் தடவினால், ஓரிடத்தில் இருந்த உருஷியால் பக்கத்திலும் பரவக்கூடும். மரத்துப்போகச் செய்யும் களிம்புகளையும் இதே ஒவ்வாமைக் காரணத்தால் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: கொப்புளத்து நீர் பட்டால் குழந்தைக்கும் தொற்றுமா?

பதில்: தொற்றாது. அந்த நீரில் உருஷியால் இல்லை.

கேள்வி: இந்தத் தடிப்பு வந்ததிலிருந்து மாம்பழம் சாப்பிட்டாலும் உதடு அரிக்கிறது. தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. மாவும், முந்திரியும், நம் ஊர்ச் சேங்கொட்டையும் இக்கொடியின் குடும்பத்தையே சேர்ந்தவை. மாம்பழத்தின் தோலிலும் பாலிலும் உருஷியாலை ஒத்த பொருள்கள் இருப்பதால், வேறொருவரைத் தோல் சீவச் சொல்லிச் சதையை மட்டும் உண்டு பாருங்கள். அப்போதும் அரித்தால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: மருத்துவரிடம் எப்போது செல்ல வேண்டும்?

பதில்: முகம், கண், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் தடித்தாலோ, உடலின் பெரும்பகுதிக்குப் பரவினாலோ, காய்ச்சலோ சீழோ கண்டாலோ உடனே செல்லுங்கள். பிடுங்கிய கொடியை ஒருபோதும் எரிக்காதீர்கள். உருஷியால் கலந்த புகை மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். புகையை உள்ளிழுத்து மூச்சுத் திணறினால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே சென்றுவிடுங்கள். கடுமையான தடிப்புக்கு மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தந்தால், சொன்ன நாள்வரை விடாமல் சாப்பிடுங்கள். இடையில் நிறுத்தினால் அரிப்பு மீண்டும் கிளம்பும்.