வயது ஏறும்போது கொலாஜன் பவுடர் சாப்பிடுவதால் உண்மையில் பயன் உண்டா?

எனக்கு வயது 54, காவேரிப்பட்டணத்தில் வசிக்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் சென்ற ஆண்டு என் முழங்கால் வலிக்கென்று ஒரு டப்பா கொலாஜன் பவுடர் வாங்கி வந்தாள். மூன்று மாதம், தினமும் 10 கிராம் வீதம் குடித்தேன். நான் மருத்துவர் அல்ல. அந்த அனுபவத்தையும், அப்போது தேடிப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

உடலிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். தோலுக்கும் எலும்புக்கும் குருத்தெலும்புக்கும் உறுதி தருவது அதுவே. வயது ஏற ஏற அது உருவாவது குறைகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் பெண்களின் தோலில் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால், குறைந்ததை வாய்வழியாக அப்படியே நிரப்பிவிட முடியாது. மாட்டுத்தோலிலிருந்தோ மீன்தோலிலிருந்தோ எடுத்து, சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட புரதமே அந்தப் பவுடர் (பழுப்பு முக்கோணம் அசைவத்தின் குறி; சைவர்கள் டப்பாவில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்); குடலில் அது மேலும் உடைந்து, புரதத்தின் அடிப்படை அலகுகளான அமினோ அமிலங்களாகவும், அவை சில சேர்ந்த பெப்டைடுகளாகவும் இரத்தத்தில் கலக்கிறது. முழங்காலுக்குத்தான் போய்ச் சேர வேண்டும் என்று அதற்கு யாரும் முகவரி எழுதிக் கொடுப்பதில்லை.

2023-இல் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தோலின் ஈரப்பதமும் நெகிழ்வும் கூடுவதாக எழுதினார்கள். 2025-இல் 23 ஆய்வுகளைத் தொகுத்தவர்களோ, நிறுவனங்களின் பணம் பெறாத ஆய்வுகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது அந்தப் பலன் காணாமல் போனதைச் சுட்டிக்காட்டினார்கள். என்னைப் பொறுத்தவரை இரண்டாவது செய்தியே எடை மிகுந்தது. எனக்கும் தோல் வறட்சி சற்றுக் குறைந்தது. ஆனால் குடிக்கத் தொடங்கியது மார்கழியில், முடித்தது பங்குனியில் என்பதால், அந்தப் பெருமை பவுடருக்கா பனி விலகியதற்கா என்று சொல்ல முடியாது. முழங்கால் வலி தணிந்தது, தொடைத் தசைக்கான பயிற்சியைத் தொடங்கிய பிறகுதான்.

“இதற்கு ஆட்டுக்கால் சூப்பே போதாதா?” என்று மாமியார் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. இரவு மீந்த சூப் காலையில் பாத்திரத்தை அசைத்தால் குலுங்கும்படி உறைந்திருக்குமே, அது கொலாஜன் வெந்து ஜெலட்டினாக மாறியதன் அடையாளம். கொலாஜன், ஜெலட்டின் இரண்டிலுமே டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலம் கிடையாது. ஆகவே பருப்பு, முட்டை, பால் ஆகியவற்றின் இடத்தை இவை பிடிக்க முடியாது. உடல் தானாகக் கொலாஜன் உருவாக்க வைட்டமின் சி வேண்டும். அதற்குக் கொய்யாவும் நெல்லிக்காயும் போதும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் டப்பாவுக்குப் பணம் கட்டும் முன் யோசிக்க வேண்டியது வேறொன்று. இங்கே பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு உள்ள நீரைப் பல் உருவாகும் சிறு வயதில் தொடர்ந்து குடித்தவர்களுக்குப் பல்லில் கறை விழலாம். அளவு இன்னும் கூடிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் கழுத்தும் முதுகும் மூட்டுகளும் இறுகிப்போகும். வெளியே பார்த்தால் அதுவும் வயதான மூட்டு வலி போலவே தெரியும். எந்தப் பவுடரும் அதைச் சரி செய்யாது. பென்னாகரத்தில் இருக்கும் என் அக்கா, கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்று இதே டப்பாவைக் கேட்டபோது, முதலில் வீட்டு போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கச் சொன்னேன்.