ஆஸ்திரேலியாவில் குளிர்காலத்துக்காக இலையுதிர்க்கும் தாவரம் உண்டா?

உண்டு. டாஸ்மேனியத் தீவின் மலையுச்சிகளில், பெரும்பாலும் 800 மீட்டருக்கு மேல், மழையும் பனியும் மிகுந்த இடங்களில் மட்டுமே இயற்கையாக வளரும் நோத்தோஃபேகஸ் கன்னியை என்னும் புதர்தான் அது. உள்ளூர் மக்கள் அதை ஃபேகஸ் என்பார்கள். ஆஸ்திரேலியாவின் வடபகுதி மரங்கள் சில வறட்சிக்காக இலையுதிர்க்கும் என்றாலும், குளிருக்காக உதிர்க்கும் இயல்தாவரம் இது ஒன்றே எனலாம்.

விரல்நுனி அளவே உள்ள இலை, விசிறியைப் போல நரம்புதோறும் மடிப்பு மடிப்பாக, பல் பல்லான விளிம்புடன் இருக்கும். ஏப்ரல் இறுதியில் மஞ்சளாகி, பின்பு ஆரஞ்சும் சிவப்புமாக மாறும். மவுண்ட் ஃபீல்டு, கிரேடில் மலை ஆகிய தேசியப் பூங்காக்களில் இதைக் காண்பது எளிது.

தென்கண்டங்கள் ஒன்றாக இணைந்திருந்த பண்டைய கோண்ட்வானா பெருங்கண்டத்தின் எச்சம் இது; இதன் உறவினங்கள் தென் அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் உள்ளன. காட்டுத்தீயில் எரிந்தால் இது மீண்டும் துளிர்ப்பதில்லை, விதையும் வெகுதொலைவு பரவாது என்பதால், தீயிலிருந்து இதைக் காப்பதே இன்று மிக அவசரமான பணி என்று கருதுகிறேன்.