திராட்சைக் கொடியை அறுவடைக்குப் பிறகு ஏன் மொட்டையாக வெட்டுகிறார்கள்?

இதற்குக் கவாத்து என்று பெயர். அறுவடை முடிந்த கிளைகளைக் கணு எண்ணி வெட்டிவிடுவது. பழைய தண்டு பெரும்பாலும் இலைதான் விடும். முந்தைய பருவத்தில் வளர்ந்து முற்றிய கிளையின் மொட்டுக்குள்தான் அடுத்த பூங்கொத்து ஒளிந்திருக்கும். வெட்டினால் அது துளிர்த்து வெளியே வரும். முருங்கையை முறித்துவிட்டால் புதுக்கிளையில் காய் பிடிக்கிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் கொடி தானே இலை உதிர்த்து ஓய்வெடுக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் அப்படிப்பட்ட குளிர் ஏது? அங்கே அந்த வேலையைக் கத்தரிக்கோல் செய்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் வெவ்வேறு மாதத்தில் வெட்டுவதால் பன்னீர் திராட்சை ஆண்டு முழுக்கக் கிடைக்கிறது.

அப்புறம், வெட்ட வெட்டக் கொடியின் ஆயுள் குறையும் என்பது சரியல்ல: லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்ட கொடி, ஆண்டுதோறும் வெட்டு வாங்கியும் இன்னும் காய்க்கிறது.