மாடுலர் கிச்சன் கொட்டேஷன்: கேட்ட விலை சரிதானா?

கிச்சன் பட்டறையில் அளவெடுப்பதும் கொட்டேஷன் போடுவதும்தான் என் தொழில். நீங்கள் அனுப்பிய தாள்களைப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன். இதில் வரும் ரேட் எல்லாம் அவற்றில் இருந்தவை. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும்.

தாம்பரத்திலிருந்து: அண்ணா, நேர்ச்சுவர் கிச்சன், 12 அடி நீளம். ஒருவர் சதுர அடிக்கு 1,450 ரூபாய் கேட்கிறார், இன்னொருவர் 1,100. முதல் ஆள் ஏமாற்றுகிறாரா?

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள். 1,450 கேட்டவர் மேடைக்குக் கீழே 12-க்கு 2.5 என்று 30 சதுர அடி, மேல் அலமாரி 12-க்கு 2 என்று 24 சதுர அடி போட்டிருக்கிறார். 54 சதுர அடிக்கு 78,300 ரூபாய். அலமாரிக்கும் மேலே வரும் லாஃப்டுக்கு (பரண்) கதவும் சட்டமும் மட்டும்தானே, அதனால் லாஃப்டின் 24 சதுர அடிக்குத் தனி ரேட், 500 வீதம் 12,000. ஆக மொத்தம் 90,300.

1,100 கேட்டவர் தரையிலிருந்து மேடைக் கல் வரைக்கும் 2.75 அடி என்று அளந்து 33 ஆக்கிவிட்டார். லாஃப்டையும் முழு ரேட்டிலேயே சேர்த்ததால் 81 சதுர அடி, 89,100 ரூபாய். வித்தியாசம் வெறும் 1,200. அதிலும் முதல் தாளில் 710 ப்ளைவுட், அதாவது மரைன் ப்ளைவுட் என்று எழுதியிருக்கிறது. இரண்டாவதில் ‘என்ஜினியர்டு வுட்’ என்று மட்டும்தான் இருக்கிறது. அது மரத்துகளை அழுத்திய பார்ட்டிக்கிள் போர்டாகவும் இருக்கலாம், மரநாரை அழுத்திய எம்.டி.எஃப் ஆகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால், பலகையையும் சேர்த்துப் பார்த்தால் 1,450 கேட்டவர்தான் மலிவு.

எதை அளந்தார்கள், எந்தப் பலகை என்று தெரியாதவரை சதுர அடி ரேட்டை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஒரே வரைபடத்தை எல்லோரிடமும் கொடுத்து, மொத்தத் தொகையைக் கேளுங்கள்.

ஈரோட்டிலிருந்து: எங்களுடையது எல் வடிவம். அளவில் எங்கே கவனிக்க வேண்டும்?

மூலையில். இரண்டு சுவரையும் மூலை வரை அளந்தால், மூலையில் இருக்கும் மேடையின் அகலம், அந்த 2 அடி, இரண்டு தடவை கணக்கில் ஏறிவிடும். 2.75 அடி உயரம், 1,100 ரேட் என்று வைத்தால் அதுமட்டும் 6,050 ரூபாய். மூலைக்குள் சுழலும் தட்டு மாதிரி ஏதாவது வைக்கிறோம் என்றால், அதைத் தனி வரியாக எழுதி விலை போடட்டும்.

மதுரையிலிருந்து: 710 என்று வாயால் சொல்கிறார்கள். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஐ.எஸ். 710 என்பது மரைன் ப்ளைவுட்டுக்கான தரம். ஐ.எஸ். 303 அதற்கு ஒரு படி கீழே. இரண்டுமே ப்ளைவுட்தான், ஆனால் விலை ஒன்றல்ல. ஷீட்டின் மேல் ஐ.எஸ்.ஐ முத்திரையும் அதன் அடியில் சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற அரசு செயலியில் அந்த எண்ணைப் போட்டால் கம்பெனி பெயர் வந்துவிடும். வெட்டி, லேமினேட் ஒட்டிய பிறகு முத்திரையைத் தேடிப் பயன் இல்லை. வெட்டும் முன்பே பட்டறைக்குப் போய்ப் பாருங்கள், முடியாவிட்டால் போட்டோ கேளுங்கள். கடை பில்லின் நகலும் கேட்கலாம். நேர்மையான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சிலர் துண்டுப் பலகையைக் கொதிநீரில் போட்டுக் காட்டுவார்கள். அரை மணி நேரம் தாங்கியதை வைத்து மயங்க வேண்டாம். இந்தத் தரத்தின் பசைக்கு வைக்கும் சோதனையே 72 மணி நேரக் கொதி.

கோவையிலிருந்து: பழைய வீடு. மேடைக்குக் கீழே கடப்பா கல் தடுப்பு இருக்கிறது. இடித்துவிட்டு முழு மாடுலர் போடச் சொல்கிறார்கள். போடலாமா சார்?

கல் நேராக, உறுதியாக இருந்தால் இடிக்காதீர்கள். கடப்பா கல்லைக் கரையான் தின்னாது, சிங்க் ஒழுகினாலும் அது ஊறப் போவதில்லை. அதைவிட நல்ல பெட்டியா நாங்கள் செய்துவிடப் போகிறோம்? கதவும் கூடைகளும் மட்டும் போட்டால் பெட்டிக்கான பலகைச் செலவு முழுக்க மிச்சம். எங்களுக்கு வருமானம் குறைவு, அதனால் பலர் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ரெடிமேட் கம்பிக் கூடைகள் 15, 17, 19, 21 அங்குலம் என்று குறிப்பிட்ட அகலங்களில்தான் வரும். உங்கள் தடுப்புகளுக்கு இடையே 18 அங்குலம்தான் என்றால், சேனலுக்கும் (கூடை, டிரா ஓடும் தண்டவாளம்) மரச்சட்டத்துக்கும் இடம் விட்டு 15 அங்குலக் கூடைதான் போடலாம். கொஞ்சம் இடம் வீணாகும். தடுப்புகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு இடைவெளியையும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டு இடத்திலும் அளந்த பிறகு கூடை வாங்குங்கள். கல் தடுப்புகள் பின்னால் போகப் போகக் குறுகுவது சகஜம்.

திருச்சியிலிருந்து: கூடை 304 ஸ்டீல்தான், காந்தம் ஒட்டவில்லை பாருங்கள் என்கிறார் கடைக்காரர்.

202 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. மலிவான 202-ஐ 304 என்று விற்க இந்தக் காந்த வித்தைதான் உதவுகிறது. பில்லில் ‘304’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

சேலத்திலிருந்து: ஹார்டுவேர் (கீல், சேனல்) ஹெட்டிச் பிராண்ட் என்று போட்டிருக்கிறது. அது போதும்தானே?

போதாது. கீல் மட்டும் ஹெட்டிச்சாக இருக்கும், டிராவின் சேனல் ஏதோ ஒரு லோக்கல் சரக்காக இருக்கும். ப்ளம், ஹாஃபலே, எப்கோ எதுவானாலும் இதே கதைதான். ஒரே பிராண்டிலேயே சாதாரணக் கீல், மெதுவாகத் தானே மூடும் சாஃப்ட் குளோஸ் கீல் இரண்டும் உண்டு. மாடல் பெயர், எண்ணிக்கை இரண்டும் தாளில் வேண்டும்.

உங்கள் தாளில் எட்டு டேன்டம் பாக்ஸ் (உலோகப் பக்கங்கள் வைத்த ரெடிமேட்) டிரா இருக்கிறது. தொகையை ஏற்றியது அவைதான். அடுப்புக்குக் கீழே மூன்று வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் சாதாரணத் தட்டும் கதவும் போடச் சொல்லி மறுபடி விலை கேளுங்கள்.

வேலூரிலிருந்து: கதவுக்கு மேல் ஒட்ட அக்ரிலிக்கா, லேமினேட்டா?

1 மி.மீ. லேமினேட். அக்ரிலிக்கில் கீறல் பளிச்சென்று தெரியும். மிச்சமாகும் பணத்தில் சிங்க் பெட்டியை மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி பலகையில் செய்யச் சொல்லுங்கள், கிச்சனில் முதலில் ஊறிப்போவது சிங்க் பெட்டிதான்.

சென்னையிலிருந்து: சிம்னியும் ஹாபும் (மேடையில் பதிக்கும் அடுப்பு) இலவசம் என்கிறார்களே?

அவை இல்லாமல் என்ன விலை என்று கேளுங்கள். எவ்வளவு குறைக்கிறார்களோ அதுதான் அவற்றுக்கு நீங்கள் கொடுக்கும் விலை. அதே மாடலை வெளியே, பொருத்தும் கூலியோடு விசாரித்து ஒப்பிடுங்கள். அட்டைப்பெட்டியில் இருக்கும் எம்.ஆர்.பி.யை நம்ப வேண்டாம், அந்த விலைக்கு யாரும் சிம்னி வாங்குவதில்லை.

திருநெல்வேலியிலிருந்து: 80 சதவீதம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். பில் வேண்டாம் என்றால் ஜி.எஸ்.டி 18 சதவீதம் மிச்சம் என்கிறார்கள்.

இரண்டுக்கும் தலையாட்டாதீர்கள். ஆர்டரோடு பாதி, சரக்கு வீட்டுக்கு வந்ததும் 40 சதவீதம், எல்லாக் கதவும் ஒழுங்காக மூடிய பிறகு மீதி 10. அந்தக் கடைசி பத்து உங்கள் கையில் இருக்கும்வரை போன் எடுப்பார்கள்.

பில் இல்லாமல் வாரண்டி வெறும் வாய்ப்பேச்சுதான். பிரச்சினை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் அங்கே போய் நிற்க, பில்லும் கையெழுத்திட்ட வரைபடமும் கையில் இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

தஞ்சாவூரிலிருந்து: கடைசியில் எவ்வளவு பேரம் பேசலாம்?

‘பத்து சதவீதம் குறையுங்கள்’ என்று மொட்டையாகக் கேட்டால் குறைத்துவிடுவார்கள், பலகையிலோ அதன் விளிம்பில் ஒட்டும் எட்ஜ் பேண்டிலோ கையை வைப்பார்கள். உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதற்குப் பதிலாக எதை எடுக்கலாம் என்று கேளுங்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே எரியும் லைட், ப்ரொஃபைல் கைப்பிடி இதெல்லாம் போகட்டும். பலகை, கீல், சேனல் மூன்றிலும் மட்டும் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது என்று சொல்லி, திருத்திய தாளை மறுபடி வாங்கிவிடுங்கள்.