தாமரை பூக்கவில்லையா? உரப் பாக்கெட்டைக் கீழே வையுங்கள்

கேள்வி: தோட்டத்தில் இரண்டடி ஆழத்துக்குக் குளம் கட்டி, ஆன்லைனில் வாங்கிய 'நீலத் தாமரை' விதையை முளைக்க வைத்து, தொட்டியோடு அடியில் இறக்கிவிட்டேன். இரண்டு வருடமாக இலை மட்டும்தான் வருகிறது. விற்றவரைக் கேட்டால் உரம் போதாது, இன்னொரு பாக்கெட் வாங்குங்கள் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நீலத் தாமரை என்று ஒன்று கிடையவே கிடையாது. வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள், இவை கலந்த நிறங்கள், அவ்வளவுதான். நீலமாகப் பூப்பது அல்லி. படத்தில் சாயத்தை ஏற்றி விற்கிறார்கள், அதற்கு ஐந்து நட்சத்திரம் வேறு. விதை முளைத்துப் பூக்க இரண்டு மூன்று பருவம் ஆகும், பொருளைத் திருப்பி அனுப்பவோ சில நாள்தான் அவகாசம். இந்த ஏற்பாட்டில் ஏமாற்றுபவன் மாட்டவே மாட்டான்.

சரி, உங்களிடம் இருப்பது என்ன? இலையைப் பாருங்கள். ஓரத்திலிருந்து நடுவரை ஒரு வெட்டு இருந்தால் அல்லி. வெட்டே இல்லாமல், காம்பு நட்ட நடுவில் சேர்ந்து, தெளித்த தண்ணீர் உருண்டையாக ஓடினால் தாமரைதான்.

தாமரை என்றால் அடுத்த கேள்வி, இலை மிதக்கிறதா, தண்ணீருக்கு மேலே நிமிர்ந்து நிற்கிறதா? முதலில் வருபவை மிதக்கும், நிமிர்ந்த இலைகள் வந்த பிறகுதான் மொட்டு. உங்களுடையது மிதந்துகொண்டே இருக்கும் என்பது என் ஊகம், ஏனென்றால் இரண்டடி ஆழம் இளம் செடிக்கு அதிகம். தொட்டிக்கு அடியில் செங்கல் அடுக்கி, மண்ணுக்கு மேல் 10 செ.மீ. தண்ணீர் நிற்கிற மாதிரி உயர்த்துங்கள். நேரடி வெயில் தினமும் ஆறு மணி நேரமாவது வேண்டும், மர நிழலில் எதைப் போட்டாலும் பூக்காது. தொட்டி வட்டமாக, ஓட்டையில்லாமல், அகலமாக இருக்கட்டும், மூலையுள்ள தொட்டியில் கிழங்கின் குருத்து மூலையில் முட்டி முறியும். மண் களிமண்ணாக இருக்கட்டும். தேங்காய் நார்க் கலவையை 'தாமரை மண்' என்று தலையில் கட்டுவார்கள், அது மிதந்து குளமே கலங்கும்.

உரம் நிமிர்ந்த இலைகள் வந்த பிறகு, கொஞ்சமாக. முன்பே கொட்டினால் இளங்குருத்து கருகும், பாசிதான் செழிக்கும்.

பச்சை இலையை வெட்டாதீர்கள். ஆனால் பழுத்துக் காய்ந்ததை வெட்டலாம், அதுவும் காம்பு தண்ணீருக்கு மேல் ஒரு விரல் நீளமாவது நிற்கும்படி. காம்பை ஒரு முறை குறுக்கே வெட்டிப் பாருங்கள், உள்ளே குழாய் குழாயாக இருக்கும், கிழங்குக்குக் காற்று போகிற வழி அது. தண்ணீருக்கு அடியில் வெட்டினால் அதே வழியாகத் தண்ணீர் இறங்கிக் கிழங்கு அழுகும். மீன் கடித்த இலை, புழு தின்ற இலை, பாதி மஞ்சளான இலை எல்லாம் 'காய்ந்தது' ஆகாது, விட்டுவிடுங்கள்.

இப்போதைக்குச் செங்கல் மட்டும் தேடுங்கள். நிமிர்ந்த இலை நாலைந்து வந்ததும் உரத்தைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.